நிலத்தடி நீரில் கரைந்த யுரேனியம்: பாக்டீரியாவுக்குக் கைகொடுக்கும் மின்சாரம்

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் ரைஃபிள். அங்கே யுரேனியத் தாதுவைப் பிரித்தெடுத்த பழைய ஆலை 1958இல் மூடப்பட்டது. குவிந்து கிடந்த கழிவு மண்ணை 1990களில் அள்ளி அப்புறப்படுத்தினார்கள். நிலத்தடி நீரில் இறங்கிவிட்ட யுரேனியத்தை அப்படி அள்ள முடியவில்லை. குடிநீரில் அது லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அந்நாட்டு விதி.

நீரில் கரைந்திருக்கும் யுரேனியத்துக்கு இரண்டு எலக்ட்ரான்கள் கிடைத்தால் போதும், கரையாத திடப்பொருளாகிப் படிந்துவிடும். அவற்றைக் கொடுக்கவல்லது ஜியோபாக்டர் என்னும் பாக்டீரியா. உணவிலிருந்து பெறும் எலக்ட்ரான்களை நம் உடல் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறது. ஆக்சிஜன் எட்டாத சேற்றில் வாழும் ஜியோபாக்டரோ இரும்புத் துருவிடமும் யுரேனியத்திடமும் ஒப்படைக்கிறது. இவ்வகையின் முதல் பாக்டீரியாவை 1987இல் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் கண்டறிந்தவர் டெரெக் லவ்லி.

2002இல் அவரது குழு ரைஃபிளில் நிலத்துக்குள் அசிட்டேட்டைச் செலுத்தியது. வினிகரில் உள்ள அமிலத்தின் உப்புதான் அது. ஜியோபாக்டருக்குப் பிடித்த உணவு. 50 நாட்களுக்குள் சில கண்காணிப்புக் கிணறுகளில் யுரேனியம் சுத்திகரிப்புக்கு நிர்ணயித்த அளவுக்குக் கீழே இறங்கியது. ஆனால், அதே உணவைத் தின்று, எலக்ட்ரான்களைச் சல்பேட்டிடம் ஒப்படைக்கும் வேறு பாக்டீரியாக்கள் பெருகின. ஜியோபாக்டருக்கு உணவு குறைய, யுரேனியம் மறுபடி ஏறத் தொடங்கியது.

உணவுக்குப் பதில் எலக்ட்ரானையே நேரடியாகக் கொடுத்தால் என்ன? கெல்வின் கிரெகரியும் லவ்லியும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. கிராஃபைட் மின்முனையை நீரில் இறக்கி, சிறிய மின்னழுத்தம் கொடுத்தார்கள். பாக்டீரியா இல்லாதபோதும் யுரேனியம் நீரைவிட்டு நீங்கியது. மின்சாரத்தை நிறுத்தியதும் நீருக்கே திரும்பிவிட்டது. மின்முனையில் ஜியோபாக்டர் ஒட்டியிருந்தபோதோ, நிறுத்திய பிறகும் யுரேனியம் அங்கேயே தங்கியது. ஆக்சிஜன் பட்டால் மட்டும் மீண்டும் கரையும்.

மின்முனை முறைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அசிட்டேட் முறையில் யுரேனியம் மண்ணிலேயே படிந்து கிடக்கும். என்றாவது ஆக்சிஜன் கலந்த நீர் வந்தால் பழையபடி கரைந்துவிடும். இங்கே மின்முனையை வெளியே எடுத்து, படிந்த யுரேனியத்தைத் தனியே கரைத்துப் பிரித்துவிடலாம்.

குறையும் உண்டு. மின்முனையைத் தொட்டுச் செல்லும் நீர் மட்டுமே சுத்தமாகும். பல ஏக்கருக்குப் பரவிய மாசுக்கு ஏராளமான மின்முனைகளை இறக்க வேண்டியிருக்கும், செலவு கூடும். ஆகவே மாசுபட்ட நீர் ஆற்றில் கலக்கும் வழியை மறித்துப் போடும் தடுப்பாகத்தான் இது இப்போதைக்குப் பொருந்தும்.