வலி இல்லையென்றால்?

சூடான பாத்திரத்தைத் தொட்டதும் கையை வெடுக்கென இழுத்துக்கொள்கிறீர்கள். வலியை உணராமலே பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களுள் ஒரு வகையினருக்கு நாக்கைக் கடித்தாலும், எலும்பு முறிந்தாலும் தெரியாது, வியர்ப்பதுமில்லை. ஏன்?

நம் உடலில் 'நரம்பு வளர்ச்சிக் காரணி' என்னும் புரதம் உண்டு. இதைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொந்தால்சினி, 1986-ஆம் ஆண்டு நோபல் பரிசை ஸ்டான்லி கோஹனுடன் பகிர்ந்துகொண்டார். இப்புரதம் சாவி என்றால், வலி நரம்புகளின் மேலுள்ள 'டிரக்-ஏ' என்னும் ஏற்பி பூட்டு. கருவில் பூட்டு திறந்தால்தான் அந்நரம்புகள் பிழைக்கும். அக்குழந்தைகளிடம் ஏற்பியின் ஜீன் பழுதுபட்டிருப்பது 1996-இல் தெரியவந்தது.

பெரியவர்களிடம், வீங்கிய இடத்தில் இப்புரதம் பெருகுகிறது. லேசாகத் தொட்டாலும் வலிக்கிறது. மூட்டுவலிக்காரர்களுக்கு இதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது. ஆனால், சிலருக்கு மூட்டு விரைவாகச் சிதைந்தது!

வலி தொல்லைதான், ஆனாலும் அது நம் காவலாளி.