லடாக் போகும் கேமரா பை: எதை எடுப்பது, எதை வீட்டிலேயே விடுவது?

சென்னையில் இருந்து டெல்லி வழியாக லே போகிறவருக்கு முதல் சோதனை இமயமலையில் இல்லை, விமான நிலைய எடை மெஷினில்தான். உள்நாட்டு விமானங்களின் எகானமி வகுப்பில் கையோடு கொண்டுபோகும் பைக்குப் பொதுவாக 7 கிலோதான் அனுமதி. கேமராவையும் லென்ஸையும் செக்-இன் லக்கேஜில் போட யாருக்கும் மனசு வராது. உதிரி பேட்டரிகளையும் பவர் பேங்கையும் அதில் போடவே கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும் என்பது விதி. ஆக கேமரா, லென்ஸ், பேட்டரி, மருந்து, ஜாக்கெட் எல்லாமே அந்த 7 கிலோவுக்குள் அடங்கியாக வேண்டும்.

எடை மெஷினைச் சமாளித்துவிட்டாலும் அடுத்த கணக்கு மேலே காத்திருக்கிறது. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கும் மேலே. சென்னையில் தோளில் தெரியாத 2 கிலோ, அங்கே பத்துப் படி ஏறினாலே தெரியும். மூச்சு வாங்கத் தொடங்கியதும் கேமரா பைக்குள் போய்விடும். 'அப்புறம் எடுத்துக்கலாம்' என்று தோன்றும். மலையில் வெளிச்சம் அதுவரை நிற்காது.

4 கிலோவும் 1 கிலோவும்

பலரும் கனவு காணும் 'புரொஃபஷனல்' செட் ஒன்றை நிறுத்துப் பார்க்கலாம். கேனான் 5டி மார்க் 4 கேமரா 890 கிராம். 24-70 எஃப் 2.8 லென்ஸ் 805, 16-35 எஃப் 2.8 லென்ஸ் 790, 70-200 எஃப் 2.8 லென்ஸ் ஏறக்குறைய 1,480. கூட்டினால் கிட்டத்தட்ட 4 கிலோ. ட்ரைபாட், சார்ஜர், பை இன்னும் கணக்கில் வரவில்லை.

அதே ஃபுல்ஃபிரேம் சென்சார் அளவில், மிரர்லெஸ் வகையில் ஒரு செட் போடலாம். ஆர்8 கேமரா 461 கிராம், ஆர்எஃப் 24-105 எஸ்டிஎம் லென்ஸ் 395, ஆர்எஃப் 100-400 லென்ஸ் 635. மொத்தம் ஒன்றரை கிலோவுக்குள். எட்டும் தூரமும் இதில்தான் அதிகம்.

இதோடு முடியவில்லை. பல வீடுகளில் பீரோவில் தூங்கிக்கொண்டிருக்கும் 200டி மார்க் 2 கேமரா, அதோடு வந்த 18-55, கூட வாங்கிய 55-250 எஸ்டிஎம் லென்ஸ் மூன்றும் சேர்ந்தாலே ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும். 'டூருக்குப் போறோம், புதுசா ஏதாவது வாங்கணும்' என்று கடைக்குப் போகும் முன் அதைத் தூசி தட்டிப் பார்ப்பது நல்லது. எடை குறைப்பது என்றால் புதிதாக வாங்குவது என்று அர்த்தமில்லை.

எஃப் 2.8 எதற்கு?

லென்ஸின் எடையை ஏற்றுவது பெரும்பாலும் அதன் வாய் அகலம். எஃப் 2.8 லென்ஸில் பெரிய கண்ணாடிகள் வேண்டும், அதுதான் கனம். அந்த அகலம் கல்யாண மண்டபத்து மங்கலான வெளிச்சத்திலும், பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட்டிலும் உதவும். நிலக்காட்சியில் கதை வேறு. முன்னால் இருக்கும் கல்லும் தூரத்து மலையும் ஒரே படத்தில் தெளிவாக வேண்டும் என்பதால் எஃப் 8, எஃப் 11 என்று அபெர்ச்சரைக் குறுக்கித்தான் எடுப்பார்கள். அந்த அளவில் விலை உயர்ந்த லென்ஸுக்கும் கிட் லென்ஸுக்கும் உள்ள இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும். எஃப் 2.8-க்காகச் சுமந்த கனம், பகல் முழுக்கச் சும்மாதான் வருகிறது.

விதிவிலக்கு இரவு. ஹான்லே பகுதி 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நட்சத்திரம் பார்க்கவே அங்கே போகிறார்கள். எஃப் 4-ல் தொடங்கி எஃப் 7.1-க்குப் போகும் லென்ஸ் அந்த இருட்டில் திணறும். இதற்காக 790 கிராம் லென்ஸைச் சுமக்க வேண்டியதில்லை. ஆர்எஃப் 16 எம்எம் எஃப் 2.8 லென்ஸ் 165 கிராம்தான். படத்தின் மூலைகளில் நட்சத்திரங்கள் கொஞ்சம் இழுத்த மாதிரி தெரியும், உண்மைதான். ஆனால் வருடத்தில் ஓர் இரவுக்கு அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எது தேவை என்று யாரையும் கேட்க வேண்டியதும் இல்லை. முந்தைய இரண்டு, மூன்று பயணங்களில் பிடித்துப்போன படங்களை கம்ப்யூட்டரில் திறந்து, ஒவ்வொன்றின் விவரத்திலும் எந்த ஃபோகல் லெங்த்தில் எடுத்தது என்று பார்த்தால் போதும். நிலக்காட்சிக்கு வைட் லென்ஸ்தான் என்று நம்புகிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் காத்திருக்கலாம். லடாக்கில் மலைகள் தூரத்தில், அடுக்கடுக்காக நிற்கும். வைட் லென்ஸில் அவை சின்னதாகிப் பாதிப் படம் வெறும் தரையாகிவிடும். 100 எம்எம்-க்கு மேல் போனால்தான் அந்த அடுக்குகள் நெருங்கி வரும். அவசரத்துக்கு ஒரு வைட் படம் வேண்டுமென்றால் பாக்கெட்டில் இருக்கும் போனே எடுத்துவிடும்.

மலையேறியும் புகைப்படக்காரருமான அமெரிக்கர் கேலன் ரோவெல் இந்தக் கணக்கை அந்தக் காலத்திலேயே போட்டவர். மலைகளில் 35 எம்எம் கேமராவோடு இலகுவாகத் திரிந்தார். 1981-ல் லாசாவில் ஒரு வானவில் தெரிந்தது. அது பொட்டாலா அரண்மனை மேல் இறங்குவதுபோலத் தெரியும் இடம் தேடி, அந்த உயரத்திலும் ஓடினார். அவருடைய மிகப் புகழ்பெற்ற படம் அதுதான். தோளில் 10 கிலோ இருந்தால் யாராலும் ஓட முடியாது.

ட்ரைபாட் மட்டும் கொஞ்சம் சங்கடமான விஷயம். கார்பன் ஃபைபரில் செய்த பயண ட்ரைபாட்கூட ஒரு கிலோவுக்கு மேல் போகும். நட்சத்திரம் எடுக்கிற திட்டம் இருந்தால் அது இல்லாமல் முடியாது. பகல் படங்கள்தான் என்றால் விட்டுவிடலாம். ஒரு கல், அதன்மேல் மடித்த ஜாக்கெட், கேமராவில் 2 நொடி டைமர். பெரும்பாலான நேரம் இதுவே ஒப்பேறும். கொண்டுபோகிறவர்கள் நடுக்கம்பை உயர்த்தாமல், பையை அதன் கொக்கியில் தொங்கவிட வேண்டும். பாங்காங் கரைக் காற்றுக்கு மெலிந்த ட்ரைபாட் ஆடும்.

பைக்குள் எது எங்கே?

கேமராவுக்கென்று விற்கும் பைகளே கனம். அதற்குப் பதில் சாதாரண ட்ரெக்கிங் பைக்குள் பஞ்சு வைத்த சிறிய கேமரா பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டால், இடுப்புப் பட்டை பாதிச் சுமையை வாங்கிக்கொள்ளும். கேமரா மட்டும் பைக்குள் போகக் கூடாது. பையின் தோள்பட்டையில் மாட்டும் கிளிப்பிலோ, குறுக்கே போட்ட வாரிலோ வெளியே இருக்க வேண்டும்.

சிறிய கேமராவுக்கு ஒரு விலை உண்டு. 5டி மார்க் 4-ல் ஒரு பேட்டரி சுமார் 900 படம் தாங்கும். ஆர்8-ன் பேட்டரி அதில் பாதிகூட வராது. குளிரில் இன்னும் சீக்கிரம் படுத்துவிடும். ஆனால் உதிரி ஒன்று 50 கிராம்கூட இல்லை என்பதால் மூன்று எடுத்தாலும் பாரமில்லை. அவற்றைப் பையில் போடாமல் ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். புதியவை இடது பாக்கெட், தீர்ந்தவை வலது பாக்கெட் என்று பழகிவிட்டால், கையுறையோடு தடவும்போது குழப்பம் வராது. குளிரில் 'தீர்ந்துவிட்டது' என்று காட்டிய பேட்டரி, சூடானதும் இன்னும் சில படங்களுக்கு உயிரோடு வருவதும் உண்டு.

ஃபில்டரில் எண்ணிக்கை கூடாமல் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன வழி இருக்கிறது. மேலே சொன்ன 24-105, 100-400 இரண்டுக்கும் வாய் 67 எம்எம். 18-55, 55-250 இரண்டுக்கும் 58 எம்எம். ஒரே போலரைசர் இரண்டுக்கும் பொருந்தும். ஏரியின் பளபளப்பைக் குறைக்க அது ஒன்று போதும்.

லென்ஸ் மாற்றுவதை முடிந்தவரை வண்டிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. நூப்ராவின் மணல்மேட்டில் கேமராவைத் திறந்தால் சென்சாரில் தூசி உட்கார்ந்து, வீடு திரும்பும்வரை ஒவ்வொரு வானத்திலும் புள்ளியாக வரும். இரவு வெளியில் நின்றுவிட்டு அடுப்பு எரியும் அறைக்குள் நுழையும்போது கேமராவைப் பையோடு மூடியே வைக்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் அறையின் ஈரம் படிந்துவிடும். ஏசி காரில் இருந்து மெரினாவில் இறங்கினால் லென்ஸ் மூடுபனி போட்டுக்கொள்கிறதே, அதே கதைதான்.

லேயில் இறங்கியதும் முதல் இரண்டு நாள் ஓய்வெடுத்து உயரத்துக்குப் பழக வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. அந்த நாட்களில் பையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவரை மெதுவாக நடந்து பார்க்கலாம். அப்போதே 'இது எதுக்கு எடுத்துட்டு வந்தோம்' என்று தோன்றும் சாமான்களைத் தங்கும் விடுதியிலேயே கொடுத்துவைத்துவிட்டு, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.