‘ஐ5, 16 ஜிபி’ என்று மட்டும் எழுதிய பில் போதாது

சென்னை ரிச்சி தெருவிலோ, ஊரில் இருக்கும் கம்ப்யூட்டர் கடையிலோ குறைந்த விலையில் கேமிங் கம்ப்யூட்டர் கேட்டால், கொட்டேஷன் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: ஐ5 பிராசஸர், 16 ஜிபி ராம், மதர்போர்டு, எஸ்எஸ்டி. எந்த ஐ5, எந்த போர்டு, ராம் ஒரு ஸ்டிக்கா இரண்டா என்பது அதில் இருக்காது. வாங்குபவர் ஏமாறுவது எழுதாமல் விட்ட அந்த விவரங்களில்தான்.

இன்டெலின் ஐ5 என்ற பெயர் 2009-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறைச் சில்லும் ஐ5தான். அதை டிடிஆர்3 ராமோடு பழைய எச்61 வகை போர்டில் மாட்டி, வண்ண விளக்கு எரியும் புதுக் கேபினட்டுக்குள் வைத்துவிட்டால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் விண்டோஸ் 11-ஐ இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான சில்லுகளில் மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்று அப்படியொரு கம்ப்யூட்டருக்குப் புதுசின் விலை கொடுப்பது வீண்.

ராம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருப்பதைவிட, 8 ஜிபி இரண்டாக இருந்தால் இரண்டு சேனலிலும் தரவு ஓடும். ரைசன் 5 5600ஜி போல, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் விளையாட வாங்கும் சில்லில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். அதன் கிராஃபிக்ஸும் இதே ராமைத்தான் பயன்படுத்துகிறது. 3200 வேகம் என்று விற்ற ராம், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்காவிட்டால் 2400-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கலாம். கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பகுதியைப் பாருங்கள். வேகமும் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். 2025-ன் கடைசியில் ராம் விலை வேகமாக ஏறியது. இப்படி விலை ஏறும் காலத்தில் கழற்றிய பழைய ராம் புதுசாக விற்பனைக்கு வரும் ஆபத்தும் கூடும்.

போர்டில் ஆடம்பரம் தேவையில்லை. ரைசன் சில்லை ஓவர்கிளாக் செய்யாதவருக்கு ஏ520 போர்டு தாராளமாகப் போதும். ஆனால் பழைய பி450 போர்டில் ரைசன் 5000 வரிசைச் சில்லை மாட்டுவதானால், பயாஸ் அப்டேட் செய்து ஓட்டிக் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். அப்டேட் இல்லாத போர்டில் திரையே வராது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய பொருளையோ புதுப்பித்த பொருளையோ புதுசு என்று விற்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில் தராமல் இருப்பதும் அதில் சேரும். பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. ஆகவே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கண்டு பழுதான பொருளோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

இந்த உரிமையை நிலைநாட்டக் கையில் சான்று வேண்டும். போர்டு, ராம், பிராசஸர் ஒவ்வொன்றின் முழு மாடல் பெயரும் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். ‘பில் இல்லாமல் வாங்கினால் குறைச்சுத் தர்றேன்’ என்றால், குறைவது வாரண்டியும்தான். பெட்டிகளைத் தூக்கி எறியாதீர்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் அன்றே சரிபாருங்கள். வெளிநாட்டுக்கென்று தயாரித்த பொருளுக்கு இங்கே வாரண்டி கிடைக்காமல் போகலாம்.

கடைக்காரர் மறுத்தால் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.