நோன்பும் கண்ணுக்கு விடும் துளி மருந்தும்

எனக்கு குளுக்கோமா என்று தெரிந்து 11 வருடங்களாகின்றன. நோவில்லை, சிவப்பில்லை. பெரும்பாலும் கண்ணினுள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு மெல்லச் சாகும். ஓரப் பார்வைதான் முதலில் போகும். போனதை சத்திரசிகிச்சையாலும் மீட்க முடியாது, மிச்சத்தைக் காப்பாற்றவே மருந்து. கட்டராக்ட் போல வெட்டிச் சுகமாக்கலாம் என்றுதான் நானும் முதலில் நம்பியிருந்தேன்.

ஒரு றமழானில் பகல் துளியை நானாகவே நிறுத்தினேன். தொண்டையில் கசந்ததால் நோன்பு முறியுமோ என்ற பயம். பெருநாள் கழித்து கிளினிக் போனபோது, 16 ஆக இருந்த அழுத்தம் 27. (சாதாரணமாக 10 முதல் 21 வரை.) டொக்டர் ஏசவில்லை. பழைய பரிசோதனைத் தாளில் இருந்த கறுப்பைக் காட்டி, "இது இன்னும் பரவட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகுதான் மௌலவியிடம் கேட்டேன். ஷாபிஈ மத்ஹபில் கண் திறந்த துவாரமல்ல, சுர்மா போலத்தான், கசப்புத் தெரிந்தாலும் நோன்பு முறியாது என்றார். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியும், தொண்டைக்கு வந்ததை விழுங்காதவரை முறியாது என்றே தீர்மானித்தது.

மனம் ஒப்பாதவர்கள் டொக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக் கேட்கலாம். இரவில் ஒரு தடவை மட்டும் விடும் துளிகளும் உண்டு. ஆஸ்துமா இருந்தால் அதையும் சொல்லுங்கள், டிமோலோல் இழுப்பைக் கூட்டும். துளி விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண் மூலையை இரண்டு நிமிடம் அழுத்தினால் கசப்பும் குறையும்.

இது பரம்பரையிலும் வரும். தம்பியைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டேன். மகன்தான் இன்னும் "பிறகு பார்ப்போம் வாப்பா" என்கிறான்.