ரத்தம் கொடுத்தார்கள், ஏமாந்து போனார்கள்!

அமெரிக்காவில் அரிசோனா என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே "கிராண்ட் கேன்யன்" என்ற மாபெரும் பள்ளத்தாக்கு உள்ளது. அதன் அடியில் வாழும் பழங்குடி மக்களுக்கு "ஹவசுப்பாய்" என்று பெயர். மொத்தம் சில நூறு பேர்தான்.

நீரிழிவு நோய் அவர்களை வாட்டியது. 1990-ம் ஆண்டில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். நோயின் காரணம் தெரியும் என்று நம்பி மக்கள் ரத்தம் கொடுத்தார்கள். சம்மதத் தாளிலும் கையெழுத்துப் போட்டார்கள்.

ரத்தத்தில் என்ன இருக்கிறது?

ரத்தத்தில் "டி.என்.ஏ." என்ற மரபுப் பொருள் இருக்கிறது. கொடுத்தவரைப் பற்றி மட்டும் அல்ல. பெற்றோர், பிள்ளைகள், முன்னோர் பற்றியும் அது சொல்லிவிடும்.

அந்த ரத்தத்தை வைத்து மனநோய் பற்றியும் ஆராய்ந்தார்கள். முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்றும் ஆராய்ந்தார்கள். "நாங்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள்" என்பது அம்மக்களின் நம்பிக்கை. "ஆசியாவிலிருந்து வந்தவர்கள்" என்றது ஆராய்ச்சி!

2003-ம் ஆண்டில் அந்த இனத்துப் பெண் ஒருவர் பல்கலைக்கழகக் கூட்டம் ஒன்றுக்குப் போனார். அங்கேதான் விஷயம் வெளிப்பட்டது. மக்கள் கொதித்தார்கள். மறு ஆண்டு வழக்குப் போட்டார்கள்.

2010-ல் சமரசம் ஏற்பட்டது. 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. மிச்சம் இருந்த ரத்தமும் திரும்பி வந்தது. ஆனால் வெளியான ரகசியம் திரும்புமா?

கேட்டுக்கொள்ளுங்கள்

ஆராய்ச்சியால் நன்மை உண்டு. ரத்தம் கொடுப்பதில் தவறு இல்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன், "எதற்காக? யார் வைத்திருப்பார்கள்? வேறு எதற்கும் பயன்படுத்துவார்களா?" என்று கேளுங்கள். தாள் புரியாவிட்டால், படித்து விளக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.