வெயில் ஏற ஏற சோலார் பேனல் ஏன் சோர்ந்து போகுது?

போன மே மாசம் எங்க வீட்டு மொட்டை மாடியில நடந்த ஒரு சண்டையிலிருந்து இந்த எபிசோடை ஆரம்பிக்கிறேன்.

மாடியில 3 கிலோவாட் சோலார் இருக்கு. மத்தியானம் 12 மணி. தரையில கால் வைக்க முடியல. ஆனா ஆப்ல காட்டினது 2.5 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலதான். “நம்மள ஏமாத்திட்டாங்க”ன்னார் அப்பா. “ஹோஸை எடுங்க, பேனல் மேல தண்ணி அடிப்போம்”னு நான். “நமக்கே லாரித் தண்ணி, இதுல பேனலுக்குக் குளியலா?”ன்னு அம்மா.

முதல்ல அப்பாவோட சந்தேகம். யாரும் ஏமாத்தல. அந்த 3 கிலோவாட் ஒரு சோதனைக்கூடக் கணக்கு. அங்கே செல்லோட வெப்பநிலை 25 டிகிரி. நம்ம மாடியில அது 65 டிகிரி வரைக்கும் போகும். வழக்கமான சிலிக்கான் பேனல், 25-க்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் திறனை இழக்கும். 40 டிகிரி கூடினா 14 சதவீதம். அதாவது 3 கிலோவாட், 2.58 ஆயிடும்.

காரணம், செல் சூடாகும்போது அதோட வோல்டேஜ் இறங்குது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு இல்ல. ஆனா விழற ஒளியில ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகுது. மிச்சத்துல பெரும்பகுதி வெப்பமா மாறி பேனலையே சுடுது.

அடுத்தது என் யோசனை. தண்ணி அடிச்சா பேனல் குளிரும், உற்பத்தியும் கூடும். ஆனா போர் தண்ணியில இருக்கிற உப்பு கண்ணாடியில படிஞ்சா, அதுவே வெளிச்சத்தை மறைக்கும். தண்ணியும் ஆவியாகிப் போயிடும். அம்மா சொன்னதுதான் சரி.

சரி, அந்தச் சூட்டைப் பயன்படுத்த முடியாதா? முடியும். பேனலுக்குப் பின்னாடி குழாய் வெச்சு அதுல தண்ணியை ஓட விடுற வகை இருக்கு. பிவிடி பேனல்னு பேர். தண்ணி வீணாகாது, வெதுவெதுப்பா தொட்டிக்கு வரும். 100 லிட்டர் தண்ணியை 10 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.16 யூனிட் வேணும். அவ்வளவு வேலை கீசருக்கு மிச்சம்.

ஆனா ஒரு சிக்கல். 60 டிகிரி வெந்நீர் வேணும்னா, பேனலும் அதைவிடச் சூடா இருக்கணும். அப்புறம் குளிர வைக்கிறதோட லாபம் எங்கே? அதனால வெதுவெதுப்பான தண்ணி போதும்கிற இடத்துக்குத்தான் இது பொருந்தும்.

“அந்தச் சூட்டிலிருந்தே இன்னும் கரண்ட் எடுக்கலாமே?”ன்னு நிறைய பேர் கேட்கிறீங்க. பேனல் 65 டிகிரி, வெளியே 35 டிகிரின்னு வைங்க. இயற்பியல் விதிப்படி, அந்த வெப்பத்துல அதிகபட்சம் 9 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்க முடியும். நிஜக் கருவிகள்ல கிடைக்கிறது அதுல ஒரு சின்னப் பங்கு. வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

கடைசியில நாங்க என்ன பண்ணோம்? பேனலுக்கு அடியில பழைய கட்டில், அட்டைப்பெட்டின்னு அடைச்சு வெச்சிருந்தோம். அதையெல்லாம் எடுத்தோம். பேனலுக்குக் கீழே காத்து ஓடணும். செலவே இல்லாத குளிரூட்டல் அதுதான். ஆப்ல மாயம் ஒண்ணும் நடக்கல. ஆனா அப்பா இப்போ தினமும் குனிஞ்சு பேனலுக்கு அடியில பார்க்கிறார். புதுசா சோலார் போடப் போறீங்கன்னா, விலையோட சேர்த்து ரெண்டு கேள்வி கேளுங்க: ஒரு டிகிரிக்கு எத்தனை சதவீதம் குறையும்? தரையிலிருந்து எவ்வளவு இடைவெளி விடுவீங்க?