கையும் கருவியும் – 7: ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பற்கள்

1894-இல் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் அறிமுகப்படுத்திய ஃபாண்டம் தலையில் (பயிற்சிக்கான பொம்மைத் தலை) பல்மருத்துவ மாணவர்கள் பல் செதுக்கப் பழகுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். செதுக்கி முடித்த பல்லுக்கு யார், எப்படி மதிப்பெண் போடுகிறார்கள்?

உதாரணமாக, கடைவாய்ப் பல்லின் மேல் பீங்கான் பூசிய உலோகக் கிரவுன் (பல்லுறை) மாட்டச் செதுக்குவது என்றால், கடிக்கும் பரப்பில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இழைக்க வேண்டும். பக்கச் சுவர்கள் மேலே போகப் போக லேசாகக் குவிய வேண்டும்; பழைய பாடநூல்கள் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 6 டிகிரி என்கின்றன. குவிவு கூடினால் கிரவுன் கழன்றுவிடும். சுவர் உள்வாங்கி 'அண்டர்கட்' விழுந்தால் கிரவுன் உள்ளேயே இறங்காது. 6 டிகிரிக்கும் 12 டிகிரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணாடியும் ப்ரோபும் வைத்துக்கொண்டு கண்ணால் அளப்பது எவருக்கும் கடினம். ஒரே பல்லுக்கு இரு ஆசிரியர்கள் இரு மதிப்பெண் போடுவதையும், ஒரே ஆசிரியரே சில வாரம் கழித்து மாற்றிப் போடுவதையும் பல்மருத்துவக் கல்வி ஆய்வுகள் நெடுங்காலமாகப் பதிவு செய்திருக்கின்றன. அக்கறை இல்லாததால் நேர்வதல்ல அது, கண்ணின் எல்லை.

ஸ்கேனர் வந்தது இந்த இடத்தில்தான். மாணவர் செதுக்கிய பல்லை முப்பரிமாணப் படமாக்கி, ஆசிரியர் செதுக்கிய மாதிரிப் பல்லின் மேல் வைக்கிறது மென்பொருள். 'பிரெப்செக்', 'கம்பேர்' போன்றவை இந்த வேலைக்கென்றே உருவானவை. அதிகம் இழைத்த இடம் ஒரு நிறம், குறைவாக இழைத்த இடம் இன்னொரு நிறம்.

ஆனால் எதைப் பிடிமானமாகக் கொண்டு படங்களைப் பொருத்துகிறோம்? செதுக்கிய பல்லையே வைத்துப் பொருத்தினால், மென்பொருள் மொத்த இடைவெளியைக் குறைக்கப் படத்தை நகர்த்தும். உச்சியில் மட்டும் அரை மில்லிமீட்டர் கூடுதலாக எடுத்தவரின் பிழை அங்கே சிறுத்து, பிழையே இல்லாத வேறு இடங்களில் முளைக்கும். கைபடாத பக்கத்துப் பற்களை வைத்துப் பொருத்தினால்தான் நியாயம். எவ்வளவு விலகலைப் பொறுப்பது என்பதையும் மனிதர்தான் முடிவு செய்கிறார். 300 மைக்ரான் என்றால் ஒரு மதிப்பெண், 500 என்றால் வேறொன்று.

எனக்கு இன்னும் பெரிய கவலை சதவீதத்தைப் பற்றியது. இரண்டு பேரின் பற்களும் மாதிரியோடு 80 சதவீதம் ஒத்துப்போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் மீதி 20 சதவீதம் பல் முழுக்கச் சிதறிய சின்னச் சின்ன விலகல். கிரவுன் சரியாக உட்காரும். இன்னொருவருக்கு அது முழுவதும் ஒரே சுவரில் விழுந்த அண்டர்கட். எண்ணை மட்டும் பார்த்தால் இருவரும் சமம். எந்தப் பிழை முக்கியம் என்ற தீர்ப்பை ஆசிரியரிடமிருந்து பிடுங்கக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

தேர்வுக் கூடத்தைவிட இந்தக் கருவிக்குப் பொருத்தமான இடம் பயிற்சிக் கூடம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆசிரியரின் கையெழுத்துக்காக வரிசையில் நிற்கும் மாணவி, அந்த நேரத்தில் தன் பல்லைத் தானே ஸ்கேன் செய்து திரையில் சுழற்றிப் பார்க்கலாம். நாக்குப் பக்கச் சுவரில் ஏன் எப்போதும் அதே நிறம்? பல் இழைக்கும் ஏரோட்டரைச் சாய்த்துப் பிடிக்கிறேனா? உட்காரும் இடம் தவறா? பிளாஸ்டிக் பல்தானே, திருகைக் கழற்றி அடுத்ததைப் பொருத்திக்கொண்டு, நாற்காலியைச் சற்று நகர்த்தி மறுபடியும் தொடங்கலாம்.